தாத்தா வந்த ஊர் எது? பேரா தோட்டங்களோடு மறையும் குடும்பப் பதிவுகள்

பேரா மாநிலத் தோட்டத்தில் பிறந்து, பிறகு ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தில் "உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டால், "தமிழ்நாடு" என்ற ஒற்றைச் சொல்தான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. கொஞ்சம் வற்புறுத்தினால் "திருச்சிப் பக்கம்", "சேலம் பக்கம்" என்று ஒரு மாவட்டம் வரும். அதற்கு மேல் கேட்டால், "பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இது ஓய்வு நேரத்து ஆர்வக் கேள்வியாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இதே கேள்வி அதிகாரபூர்வமாக வருகிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு, 1950 ஜனவரி 26ஆம் தேதி இந்தியக் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப் பேரப்பிள்ளை வரை இந்த அட்டைக்கு இடமளிக்கிறது. சில நாடுகளுக்கு இந்த வரம்பு நீட்டப்பட்டிருக்கிறது. மொரீஷியஸ் வாழ் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. டிரினிடாட் டொபேகோவுக்கு ஆறாம் தலைமுறை வரை என்று 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது. நம்மவர் மத்தியிலும் பேச்சு தலைமுறை எண்ணிக்கையைச் சுற்றியே ஓடுகிறது: நான்கா, ஐந்தா, ஆறா? ஆனால் வரம்பை எத்தனை தலைமுறைக்கு நீட்டினாலும் ஒவ்வொரு படியையும் பத்திரம் வைத்து இணைத்துக் காட்டியாக வேண்டும். மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவே ஒரு காகிதம், தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் நடுவே இன்னொரு காகிதம். தோட்டத் தமிழர் பலர் நின்றுபோவது இந்த இரண்டாவது, மூன்றாவது காகிதத்தில்தான்.

உள்நாட்டிலும் இதே கதைதான். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை எட்டிவிட்டவர்களுக்கு, தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையால் பிறந்தோம் என்பதை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய குடியுரிமை அரசியலமைப்புத் திருத்தத்தின்போது நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் நிலை குறித்து எழுந்த விவாதம், இத்தகைய குடும்பங்களையும் தொட்டது. பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாததாகக் கருதப்பட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும் என்ற விதியும் இருக்கிறது. இந்து முறைத் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயமானதே 1982 மார்ச் 1ஆம் தேதி திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியவர்களின் திருமணம் செல்லும். ஆனால் அதற்குக் காகிதம் தேடினால் கிடைக்காது. குடும்ப வரலாறு தெரிந்திருப்பது சிலருக்குப் பெருமை. சிலருக்கு அது அடையாள அட்டையின் நிறம்.

மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழு தலைமுறையை நிரூபிக்க முடிவது எப்படி? அங்கே மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பதிவேடுகள் ஆள்வாரியாக இருக்கின்றன. பிஜித் தீவுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போன கப்பல்களின் பெயர்ப் பட்டியலும் மிஞ்சியிருக்கிறது. கொடுமையான முறைதான் அது. ஆனாலும் அந்தக் கொடுமை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதிவைத்தது.

மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் அப்படி வரவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை இங்கே 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே வேரூன்றி, பிறகு ஓங்கி வளர்ந்தது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கல், கப்பல், பினாங்கில் இறங்குபவர்களுக்குப் புலாவ் ஜெரெஜாக் தீவில் தடுப்புக் காவல், அப்புறம் தோட்டம். 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியிலிருந்து கப்பல் செலவு கட்டப்பட்டது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று வரி செலுத்தினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. அரசாங்க அறிக்கைகளைப் புரட்டினால் எந்த ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குக் கிடைக்கும். தாத்தா அந்தத் தொகைக்குள் ஒரு தலையாக இருப்பார். அவர் பெயர் இருந்த இடம் தோட்டத்துக் கிராணி எழுதிய செக்ரோல் புத்தகம்.

அந்தப் புத்தகம் இப்போது எங்கே? வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன் 61ஆவது பிரிவு, தொழிலாளர் பதிவேடுகளை முதலாளி குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆறு ஆண்டு! அதற்குப் பிறகு எரித்தாலும் கரையானுக்குக் கொடுத்தாலும் கேட்பார் இல்லை. 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் முதன்மையாகப் பொது ஆவணங்களைக் காப்பதற்கானது. தோட்டக் கம்பெனி தனியார். ஆக, ஒரு நூற்றாண்டுக்கால உழைப்பாளர் பெயர்ப் பட்டியல் எந்தச் சட்டத்தின் பொறுப்பிலும் விழாமல் நழுவியிருக்கிறது. கம்பெனிகளும் கைமாறிக்கொண்டே வந்தன. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றாயின. அதன் தோட்டப் பிரிவு 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் கம்பெனியின் தாள்கள் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. துரைமாரின் கடிதமும் லாபக் கணக்கும் கடல் கடந்து பத்திரமாக இருக்க, பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர்கள் மட்டும் காணாமல் போயிருப்பதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

இதே தேடலை உலகின் மறுபக்கத்தில் மெக்சிகோ வம்சாவளியினர் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் பல தலைமுறையாக வாழ்பவர்கள் மெக்சிகோவில் தங்கள் வேரைத் தேடுகிறார்கள். அங்கே கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான ஏடுகள் 16ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு, பெனிட்டோ ஹுவாரெஸ் ஆட்சியில் 1859இல் சட்டமானது. இரண்டிலும் பெரும்பகுதி படமெடுக்கப்பட்டு, ஃபேமிலி சர்ச் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கக் கிடைக்கிறது. ஒரு குழந்தையின் பதிவில் பெற்றோர் மட்டுமின்றித் தாத்தா பாட்டிகள், ஞானப்பெற்றோர் பெயரும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். இன்னொரு வசதியும் அவர்களுக்கு உண்டு. ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று. நம் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ முறையில் தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும் நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். தாயின் பெயர் அடையாள அட்டையில் வருவதே இல்லை. முனியாண்டி மகன் பெருமாள், பெருமாள் மகன் ஆறுமுகம் என்று போகும் வரிசையைக் குடும்பப் பெயர் கேட்கும் வெளிநாட்டுத் தளங்களில் போட்டால் ஒன்றும் அகப்படாது.

ஆனால் மெக்சிகோக்காரர்களுக்கும் முதல் தடை ஒன்று இருக்கிறது. ‘மெக்சிகோ’ என்று தெரிந்தால் போதாது. எந்த நகராட்சி, எந்தப் பங்கு என்று தெரிந்தாக வேண்டும். ஏடுகள் ஊர்வாரியாகத்தான் இருக்கின்றன. நமக்கும் அதே விதிதான். ஊர்ப் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அது கிடைக்கும் இடம் பெரும்பாலும் அலுவலகம் அல்ல. வீட்டுத் தகரப் பெட்டி.

பழைய கடிதங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. இந்தியாவிலிருந்து வந்த நீல நிற விமானக் கடிதத்தின் பின்புறம் அனுப்புநர் முகவரி முழுதாக இருக்கும்: கிராமம், அஞ்சல், வட்டம், ஜில்லா. கையெழுத்து மங்கியிருந்தாலும் அஞ்சல் முத்திரையில் தபால் நிலையத்தின் பெயரைப் படிக்க முடியும். மணியார்டர் ரசீது, 1950களில் ஊருக்குப் போய்வர எடுத்த இந்தியக் கடப்பிதழ், மறுநுழைவு அனுமதித் தாள் எல்லாமே தங்கம். கடப்பிதழில் பிறந்த இடம் எழுதியிருக்கும். பாட்டி கொண்டுவந்த பித்தளைக் குடத்தின் கழுத்தைப் பார்க்கவேண்டும். பெயரும் ஊரும் வெட்டியிருக்கலாம். கல்யாண மொய் நோட்டு இன்னொரு புதையல். யார் யார், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும். உறவுக்காரக் குடும்பங்கள் எந்தெந்தத் தோட்டங்களில் சிதறியிருந்தன என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பட்டியல் கிடையாது. தமிழ் நாளேடுகளில் வந்த மரண அறிவிப்பும் அப்படித்தான். மகன், மருமகள், பேரன், சம்பந்தி என்று ஒரு குடும்பமரமே அங்கே கட்டம் கட்டி அச்சாகியிருக்கிறது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதன் பழைய பிரதியை வெட்டி வைத்திருப்பவர்கள் தூக்கி எறியாமல் இருந்தால் சரி. சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசு உள்ளிட்ட பழைய ஏடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

அடுத்த படி தேசியப் பதிவிலாகா. பிறப்பு, இறப்புப் பதிவேட்டைத் தேடி நகல் எடுத்துத்தர அங்கே விண்ணப்பிக்கலாம். எழுத்துக்கூட்டல்தான் பெரும் தொல்லை. லெட்சுமி என்ற ஒரே அம்மாள் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக ரோமன் எழுத்தில் நடமாடுவார். சின்னசாமியின் முதல் எழுத்து ஒன்றில் ‘எஸ்’, மற்றொன்றில் ‘சி’. எழுதியவர் மலாய்க்கார அதிகாரியோ, யாழ்ப்பாணத்துக் கிராணியோ, மலையாளி டிரெசரோ, அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். எனவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பக் கூடாது. தோட்டத்தின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். லயத்தில் தமிழர் வாயில் வழங்கிய பெயர் ஒன்றாகவும், பதிவில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறாகவும் இருப்பது சாதாரணம்.

அடையாள அட்டை பிறந்த கதை பேராவோடு நேரடியாகத் தொடர்புடையது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவசரகாலம் வந்தது. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதிந்து அடையாள அட்டை கொடுக்கும் வேலையும் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறியச் செய்த ஏற்பாடு அது. ஆனால் தோட்டத் தொழிலாளர் பலருக்கு அரசாங்கம் முதன்முதலாகப் படம் பிடித்து, கைரேகை வாங்கிப் பெயர் எழுதிக் கொடுத்த காகிதமும் அதுவே. அவசரகாலத்தில் கொல்லப்பட்ட துரைமார்களுக்குப் பத்து காஜாவில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆண்டுதோறும் நினைவுநாளும் நடக்கிறது. தோட்டத்து இடுகாடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த இடுகாடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிமெண்டுக் கல்லில் தமிழில் எழுதிய பெயர், தோற்றம், மறைவு, சிலவற்றில் சொந்த ஊரின் பெயரும்கூட இருக்கும். பல குடும்பங்களுக்கு எழுத்தில் உள்ள ஒரே ஊர்ப் பெயர் அதுவாகவே இருக்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பிறகு வீடமைப்புத் திட்டம் வருகிறது. தோட்டம் விற்கப்படும்போது கோவிலுக்காகப் போராட்டம் நடக்கிறது, தமிழ்ப்பள்ளிக்கு மாற்று நிலம் கேட்கிறார்கள். அவை வேண்டியவையே. இடுகாட்டைப் பற்றிப் பேச ஆள் இருப்பதில்லை. கோவிலை இடம் மாற்றும்போதும் ‘உபயம்’ என்று பெயர் பொறித்த பழைய பலகைக் கற்கள் புதுக் கோவிலின் பளிங்குக்கு இடம்விட்டுக் குப்பைக்குப் போகின்றன. இடிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துவைக்க ஒரு மதியம் போதும்.

பேராவில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கணிசமானவை தோட்டத்தில் பிறந்தவை. அவற்றின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி கிடைக்கும். பள்ளி இடம் மாறும்போது முதலில் தொலைவது இந்தத் தடித்த புத்தகம்தான். கத்தோலிக்கக் குடும்பங்கள் இதில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். பாகான் செராய், ஈப்போ சிலிபின் போன்ற பழைய தமிழ்ப் பங்குகளில் ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டில் எழுதப்படும் வழக்கம் இருந்தது. மெக்சிகோக்காரனுக்கு உதவிய அதே முறை.

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்த பணம். அந்தப் பங்குப் புத்தகமோ, ஊழியர் சேமநிதியின் பழைய தாளோ, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டையோ வீட்டில் இருந்தால் அதில் தோட்டத்தின் பெயரோ வாரிசின் பெயரோ இருக்க வாய்ப்புண்டு. பணத்துக்காகப் பத்திரப்படுத்தியது வரலாற்றுக்கும் உதவும்.

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய தொழிலாளர் இலாகாக் கோப்புகள் உள்ளன. 25 ஆண்டுக்கு மேற்பட்ட கோப்புகள் பொதுவாகப் பார்வைக்குத் திறந்தவை. பட்டியலை இணையத்தில் தேடலாம். ஆனால் சொந்தத் தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடுவது வீண். தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் சம்பளத் தகராறு, மலேரியா, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் பற்றிய கோப்பு ஏதேனும் அகப்படும். குடும்பம் வாழ்ந்த வாழ்க்கை அதில் தெரியும்.

மரத்தில் ஒரு கிளை 1942, 43இல் திடீரென்று முறிந்திருந்தால், சயாம் மரண ரயில் நினைவுக்கு வரவேண்டும். ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் நிற்கின்றன. தோட்டத்திலிருந்து போன தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. ‘சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்ற வாய்ச்சொல்தான் அவர்களுடைய இறப்புச் சான்று. அதையாவது பெயரோடு எழுதிவைத்தால் உண்டு.

ஊரின் பெயர் கிடைத்துவிட்டால் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சிக்கல் காத்திருக்கும். பழைய தாளில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்றிருந்தால் இன்று அது வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நான்காகப் பிரிந்துகிடக்கிறது. தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. ‘திருச்சி’ என்பது கரூராகவோ பெரம்பலூராகவோ அரியலூராகவோ இருக்கலாம். புதூர், நல்லூர், பாளையம் என்ற பெயரில் ஊர்கள் ஏராளம். வட்டத்தின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் சேர்ந்தால்தான் சரியான ஊர் அகப்படும். கங்காணி தன் ஊர்ப் பக்கத்திலேயே ஆள் சேர்த்தார் என்பதால், அதே லயத்தில் வாழ்ந்த மற்றக் குடும்பத்தின் ஊர் நம் ஊருக்குப் பக்கமாக இருக்கும் வாய்ப்பும் அதிகம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைவிட, ஊரில் பட்டா நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு வில்லங்கச் சான்றும் பட்டாவும் சீக்கிரம் உதவும். நிலமே இல்லாமல் புறப்பட்டு வந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. வந்தவர்களில் அவர்களே மிகுதி. தமிழ்நாடு அரசு அயலகத் தமிழ் இளைஞர்களுக்காக 2023இல் அறிவித்த ‘வேர்களைத் தேடி’ பண்பாட்டுப் பயணம் நல்ல முயற்சி. அது தமிழ்நாட்டைக் காட்டும். தாத்தாவின் தெருவை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் மறைத்துப் பேசக்கூடாத ஒன்று உண்டு. சில வீடுகளில் ஊர்ப் பெயர் மறந்துபோகவில்லை; வேண்டுமென்றே சொல்லப்படவில்லை. ஊரைக் கேட்டால் அடுத்த கேள்வி தெருவைப் பற்றி வரும், தெருவைச் சொன்னால் சாதி வரும். அந்தத் தெருவை விட்டு ஓடி வருவதற்காகவே கப்பல் ஏறியவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதற்கு நியாயம் இருக்கிறது. தேடுபவர்கள் வீட்டுப் பெரியவரிடம் விசாரணை நடத்துவதுபோல் கேட்காமல், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், யாரோடு வந்தீர்கள் என்று தொடங்கினால் பேச்சு தானாக வரும். ‘ரஜுலா கப்பல்’ என்று சொன்னாலே பலருக்கு ஒரு மணி நேரக் கதை இருக்கிறது.

செய்யவேண்டியது பெரிய திட்டமும் அல்ல. கே.எல்.கே. கம்பெனியின் பதிவு அலுவலகம் ஈப்போவில், எஸ்.பி. சீனிவாசகம் சாலையிலேயே இருக்கிறது. 1906இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் தெலுக் இந்தான் பக்கம் இன்றும் இயங்குகிறது. கையில் பழைய செக்ரோல் புத்தகம், லயத்து வீட்டுப் பட்டியல், தோட்ட மருத்துவமனைப் பதிவேடு ஏதேனும் மிஞ்சியிருந்தால் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள் என்று தோட்டக் கம்பெனிகளிடம் கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். தனியார் ஆவணங்களை ஒப்பந்தத்தின்பேரில் பெற்றுக்கொள்ள காப்பகத்துக்கு வழியும் உண்டு. நம் கட்சிகளும் சங்கங்களும் தோட்ட மக்களுக்காக எத்தனையோ மகஜர் கொடுத்திருக்கின்றன. இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

மறுபாதிப் பதிவு கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வேலை அனுமதிச் சட்டம் நடப்புக்கு வந்த 1969, 70 ஆண்டுகளில் குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அன்று சிறு பிள்ளைகளாகப் போனவர்கள் இப்போது அறுபது, எழுபது வயதில் துறையூரிலும் முசிறியிலும் நாமக்கல்லிலும் இருக்கிறார்கள். சிவப்பு அடையாள அட்டையும், லயத்து வாசலில் எடுத்த புகைப்படமும், பேராவில் பிறந்த பத்திரமும் அவர்கள் பெட்டியில் இருக்கின்றன. அவர்களும் தங்கள் பிள்ளைகளிடம் "மலாயாவில் பெரியப்பா இருந்தார், சுங்கை சிப்புட்டோ என்னவோ ஒரு ஊர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.